வெட்டாமல் உள்ளே பார்க்கும் கணிதம்

நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறு சதுரம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையில் உள்ள இரண்டையும் கூட்டினால் 8. கீழ் வரிசையைக் கூட்டினால் 9. இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் கூட்டினால் 7, வலப்பக்கம் 10. மறைந்திருக்கும் எண்கள் எவை? நாளிதழ்களின் புதிர்ப் பக்கத்தில் வரும் வகைக் கணக்கு இது. மேலே 5, 3 என்றும் கீழே 2, 7 என்றும் நிரப்பினால் நான்கு தொகைகளும் சரியாக வந்துவிடுகின்றன. மேலே 4, 4 என்றும் கீழே 3, 6 என்றும் நிரப்பினாலும் சரியாகவே வருகின்றன. மேலே 6, 2, கீழே 1, 8 என்பதும் தவறில்லை. விடை ஒன்றல்ல, பல.

இதற்கான காரணம் எளிது. எந்த விடையை எடுத்துக்கொண்டாலும், ஒரு மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு எண்களோடும் 1ஐக் கூட்டி, மற்ற மூலைவிட்டத்தில் உள்ள இரண்டிலிருந்தும் 1ஐக் கழித்தால், வரிசைத் தொகைகள் எதுவும் மாறுவதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று கூடி ஒன்று குறைவதால் கணக்கு நேராகிவிடுகிறது. கிடையாகவும் நெடுக்காகவும் மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. சாய்வாக ஒரு முறை கூட்டினால் தெரிந்துவிடும். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் தொகை முதல் விடையில் 12, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 14. அந்தத் தொகை 12 என்று யாராவது சொல்லிவிட்டால் விடை ஒன்றுதான்: 5, 3, 2, 7.

மருத்துவமனையில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் இதே புதிரின் பெரிய வடிவம். கட்டங்கள் நான்குக்குப் பதில் லட்சக்கணக்கில் இருக்கும். திசைகள் மூன்றுக்குப் பதில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கட்டத்துக்குள் மறைந்திருக்கும் எண், உடலின் அந்தச் சிறு இடம் எக்ஸ்கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் குறிக்கும். எலும்பு அதிகம் உறிஞ்சும். சதை குறைவாக உறிஞ்சும். நுரையீரலில் நிறைந்திருக்கும் காற்று ஏறக்குறைய ஒன்றையுமே உறிஞ்சுவதில்லை. ஸ்கேன் கருவியில் பயன்படும் கதிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒரு சென்டிமீட்டர் நீர் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியதில் ஐந்தில் ஒன்றை அடுத்த சென்டிமீட்டர் எடுத்துக்கொள்கிறது. இப்படிப் பெருக்கல் முறையில் நடக்கும் தேய்மானத்தைப் பள்ளிப் பாடத்தில் வரும் மடக்கையைக் கொண்டு கூட்டலாக மாற்றிவிடலாம். ஆகவே மறுபுறம் வெளிவரும் கதிரின் செறிவை அளந்தால், அது கடந்துவந்த பாதை முழுவதிலும் இருந்த உறிஞ்சல்களின் கூட்டுத்தொகை கிடைத்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பது மட்டும் கிடைக்காது. மளிகைக் கடையில் பொருள்வாரியாக விலை எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தரும் சீட்டைப் போன்றது ஒவ்வொரு கதிரும் தரும் செய்தி.

வில்ஹெல்ம் ரோன்ட்கன் 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்த அந்தப் படம் உலகெங்கும் பரவியது. எனினும் சாதாரண எக்ஸ்ரே படம் ஒரே திசையிலிருந்து எடுத்த தொகைகளின் தொகுப்புதான். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். முறிந்த எலும்பைக் காட்ட அது போதும். மூளையைக் காட்டப் போதாது. மண்டையோட்டின் நிழல் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் 1919 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, முதுகுத் தண்டின் வழியே காற்றைச் செலுத்தி, அது மூளையின் உள்ளறைகளை நிரப்பிய பிறகு எக்ஸ்ரே எடுப்பதே வழக்கமாக இருந்தது. நோயாளிக்கு அது கடும் வேதனை தரும் முறை. கட்டி இருந்தால் காற்றறையின் வடிவம் கோணலாகத் தெரியும்; கட்டி தெரியாது.

உள்ளே இருப்பது தெரிந்தால் தொகைகளைக் கணக்கிடுவது எளிது. தொகைகள் தெரிந்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது அதன் தலைகீழ். காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்லாமல் விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் இத்தகைய கணக்குகளுக்கு நேர்மாறுச் சிக்கல்கள் என்று பெயர். நேர்மாறுச் சிக்கல் ஒன்றைக் கையில் எடுக்கும் கணிதவியலாளர் மூன்று கேள்விகளைக் கேட்பார். விடை ஒன்றுதானா? அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அளவையில் சிறு பிழை நேர்ந்தால் விடையிலும் சிறு பிழைதான் நேருமா, அல்லது விடையே குலைந்துவிடுமா? சி.டி. ஸ்கேனின் வரலாறு இந்த மூன்று கேள்விகளின் வரலாறுதான்.

முதல் இரண்டுக்கும் 1917ஆம் ஆண்டிலேயே விடை எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணிதவியலாளர். பொஹீமியாவில் 1887இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லைப்சிக்கில் உள்ள சாக்சனி அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரையில் மருத்துவமும் இல்லை, எக்ஸ்கதிரும் இல்லை. பால் ஃபுங்க் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன் கோளத்தின் மேற்பரப்பில் ஒரு கேள்வியைத் தீர்த்திருந்தார்: கோளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டங்கள் ஒவ்வொன்றின் மீதும் கூட்டிய தொகைகள் தெரிந்தால், சமச்சீரான ஒரு சார்பை அவற்றிலிருந்து மீட்க முடியுமா? அதையே சமதளத்துக்குக் கொண்டுவந்தார் ராடான். தளத்தில் உள்ள எல்லா நேர்க்கோடுகளின் மீதும் ஒரு சார்பின் தொகையீடு தெரியும். சார்பு என்ன?

அவர் கண்ட வழி வியக்கத்தக்க அளவுக்கு நேரடியானது. மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய புள்ளியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைய வேண்டும். அந்த வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடுகோடுகள் அனைத்தின் தொகைகளையும் எடுத்துச் சராசரி காண வேண்டும். பிறகு வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி மீண்டும் சராசரி காண வேண்டும். வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருக்கும் நிலையிலிருந்து எல்லையின்றி விரியும் நிலை வரை இந்தச் சராசரி எப்படி மாறுகிறது என்று தெரிந்தால், மையப் புள்ளியின் மதிப்பு அந்த மாற்றத்திலிருந்தே கிடைத்துவிடும். புள்ளிக்கு அருகில் நிகழும் மாற்றத்துக்குக் கணக்கில் எடை அதிகம்; தூரம் போகப் போக எடை குறையும். ஆனால் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஒரு புள்ளியின் மதிப்பை அறிய அதைத் தொடாமல் வெகுதொலைவில் செல்லும் கோடுகளும் வேண்டும். முப்பரிமாண வெளியில், கோடுகளுக்குப் பதில் தளங்களின் மீது கூட்டினால் நிலைமை வேறு: அங்கே புள்ளிக்கு மிக அருகில் செல்லும் தளங்களே போதும். இரட்டைப்படைப் பரிமாணத்துக்கும் ஒற்றைப்படைப் பரிமாணத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு, நெஞ்சின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஸ்கேன் செய்ய விரும்பும் மருத்துவருக்கும் பொருட்டானது. அந்தப் பகுதியைக் கடக்கும் கதிர்களை மட்டும் அனுப்பினால், மற்ற விவரங்கள் எதுவும் தெரியாத நிலையில், படத்தைத் துல்லியமாக மீட்க முடியாது.

ராடானின் கட்டுரை தூய கணிதத்தில் ஓரளவு அறியப்பட்டிருந்தது. எக்ஸ்ரே படங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. 1917இல் அந்த வாய்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் ஒரு மூளையைப் படமெடுத்திருக்க முடியாது. பல்லாயிரம் அளவைகளைச் சேர்த்துக் கணக்கிடக் கணினி வேண்டும். ஆனால் கணினிகள் வந்த பிறகும் அந்தக் கட்டுரை கண்டுகொள்ளப்படாமல் கிடந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் அன்று. ஒரு துறையில் தீர்ந்துபோன கணக்கு இன்னொரு துறைக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ரேடியோ வானியலாளர் ரொனால்டு பிரேஸ்வெல் 1956இல் சூரியனின் வரைபடத்தைப் பட்டை பட்டையான அளவைகளிலிருந்து மீட்க இதே கணக்கைத் தாமாகவே தீர்த்தார். அவருக்கும் ராடானைத் தெரியாது. அதே 1956இல்தான் ராடான் வியன்னாவில் காலமானார்.

அந்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் இன்னொருவர் இதே கணக்கின் முன் வந்து நின்றார். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த ஆலன் கார்மாக், நகரின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களின் பயன்பாட்டை மேற்பார்வையிட வாரத்தில் ஒன்றரை நாள் சென்றுவந்தார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும்போது உடலின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு அளவில் கதிரை உறிஞ்சும் என்பதைக் கணக்கில் எடுக்காமலே அளவு நிர்ணயிக்கப்படுவதைக் கண்டார். உள்ளே எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வெளியிலிருந்து அளந்து அறிய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இது கணிதக் கேள்வி என்பது அவருக்குத் தெரிந்தது. யாராவது ஏற்கெனவே தீர்த்திருப்பார்கள் என்று தேடினார், கிடைக்கவில்லை. தாமே ஒரு தீர்வைக் கண்டார்.

அதைச் சோதிக்க அலுமினிய உருளை ஒன்றைச் சுற்றி மரவளையம் பொருத்திய வட்டத்தட்டைச் செய்தார். கோபால்ட் மூலத்திலிருந்து வரும் காமாக் கதிரை அதன் வழியே செலுத்தி அளந்தார். கணக்கு அலுமினியத்தையும் மரத்தையும் சரியாகப் பிரித்துக் காட்டியது. ஒரு சிறு நெருடல் மட்டும் இருந்தது. நடுமையத்துக்கு அருகில் இருந்த அலுமினியம் மற்ற அலுமினியத்தைவிடச் சற்றுக் குறைவாக உறிஞ்சுவதாகக் கணக்கு சொன்னது. பட்டறையில் விசாரித்தபோது உண்மை தெரிந்தது: தட்டின் நடுவில், உறிஞ்சுதிறன் சற்றுக் குறைந்த வேறொரு அலுமினியத்தாலான ஆணி செருகப்பட்டிருந்தது. செய்தவருக்கு மட்டும் தெரிந்த, சோதித்தவருக்குத் தெரியாத ஒன்றைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது. ஒரு முறை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை அமைவது அரிது.

கார்மாக் தம் முடிவுகளை 1963, 1964ஆம் ஆண்டுகளில் பயன்பாட்டு இயற்பியல் இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை. கட்டுரையின் படியைக் கேட்டு வந்த கடிதங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது. மலைமேல் படிந்த பனியின் உட்புறத்தை அறிய இது உதவுமா என்பது அவர்கள் அக்கறை. மருத்துவ உலகம் மௌனமாக இருந்தது. ராடானின் கட்டுரை ஒன்று இருக்கிறது என்பது 1970களில்தான் கார்மாக்குக்குத் தெரியவந்தது.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர், 1967 வாக்கில் கார்மாக்கையும் ராடானையும் அறியாமலே இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். அவர் முதலில் அமைத்த கருவிக்கு ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் படுகையே அடித்தளம். கதிர்மூலமும் உணர்கருவியும் அதன்மேல் நகரும். ஒரு முறை கடந்து முடித்ததும் நடுவில் உள்ள பொருள் ஒரு பாகை திரும்பும். மீண்டும் கடக்கும். கதிர் வலுவற்றது என்பதால் 28,000 அளவைகளை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு பெரிய கணினி ஒன்று இரண்டரை மணி நேரம் உழைத்துப் படத்தைத் தந்தது. வாய்பாடு எதையும் அவர் நம்பியிருக்கவில்லை. கட்டங்களில் மறைந்துள்ள எண்களைத் தெரியாதவையாகவும், அளவைகளைச் சமன்பாடுகளாகவும் கொண்டு, படிப்படியாகத் திருத்தித் திருத்தி விடையை நெருங்கினார்.

அந்தத் திருத்தல் எப்படி நடக்கிறது என்பதைத் தொடக்கத்தில் கண்ட நான்கு கட்டங்களிலேயே செய்து பார்க்கலாம். எல்லாக் கட்டங்களிலும் சுழியைப் போட்டுத் தொடங்குவோம். மேல் வரிசை 8 ஆக வேண்டும் என்பதால் அதைச் சரிபாதியாகப் பங்கிட்டு 4, 4 என்று இடுவோம். கீழ் வரிசை 9, ஆகவே 4.5, 4.5. இப்போது இடப்பக்கம் 8.5 வருகிறது, வரவேண்டியது 7. மிகையான 1.5ஐ இரண்டாகப் பிரித்துக் கழித்தால் 3.25, 3.75. வலப்பக்கம் 1.5 குறைகிறது, பிரித்துக் கூட்டினால் 4.75, 5.25. அடுத்து மூலைவிட்டம்: 3.25உம் 5.25உம் சேர்ந்து 8.5, வரவேண்டியது 12. குறைவைப் பிரித்துச் சேர்த்தால் 5, 7. மற்ற மூலைவிட்டத்தின் தொகை 5 என்று அளக்கப்பட்டிருந்தால், அதில் மிகையைக் கழிக்க 3, 2 கிடைக்கும். மறைந்திருந்த 5, 3, 2, 7 வெளிவந்துவிட்டன. உண்மையான அளவைகளில் ஒரே சுற்றில் இப்படி முடியாது. பல சுற்று வேண்டும். ஆனால் வழி இதுவே. போலந்துக் கணிதவியலாளர் ஸ்டெஃபான் கச்மாஷ் 1937இல் இந்தத் திருத்தல் முறையை மூன்று பக்கக் கட்டுரையில் எழுதி, அது கட்டாயம் விடையை நெருங்கும் என்று நிறுவியிருந்தார். இதுவும் பிறகு புதிதாக மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று, மூளையில் கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெண் நோயாளிக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. 180 திசைகள், திசைக்கு 160 அளவைகள். 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படம். இன்றைய கைபேசிப் படங்களோடு ஒப்பிட்டால் மிகக் கரடுமுரடானது. ஆனால் மண்டையோட்டுக்குள் இருந்த கட்டி அதில் வட்டமாக, தெளிவாகத் தெரிந்தது. 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. இருவருமே மருத்துவர்கள் அல்லர். இருவரிடமும் முனைவர் பட்டமும் இல்லை. நீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று வைத்து உறிஞ்சலை அளக்கும் அளவுகோல் இன்றும் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது.

படத்தை விரைவாகவும் துல்லியமாகவும் மீட்கும் பணி அதோடு முடிந்துவிடவில்லை. முதலில் தோன்றும் எளிய வழி பின்வீச்சு எனப்படுவது. ஒவ்வொரு கதிரும் தந்த தொகையை, அந்தக் கதிர் கடந்த பாதை முழுவதிலும் ஒரேபோலப் பரப்பிவிடுவது. எல்லாத் திசைகளிலும் பரப்பியதைக் கூட்டுவது. உள்ளே ஒரே ஒரு அடர்த்தியான புள்ளி மட்டும் இருக்கிறது என்று கொண்டால், எல்லாத் திசைகளின் கோடுகளும் அங்கே வெட்டிக்கொள்ளும். அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆனால் அதைச் சுற்றிலும் நட்சத்திரமாகக் கோடுகள் விரிந்து நிற்கும். திசைகளைக் கூட்டக் கூட்ட நட்சத்திரம் ஒரு மங்கலான ஒளிவட்டமாகிறது. மையத்திலிருந்து இரு மடங்கு தூரம் சென்றால் மங்கல் பாதியாகிறது; அறவே மறைவதில்லை. உடலில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஓர் ஒளிவட்டத்தை இட்டால் படம் முழுதும் கலங்கிப்போகும்.

மங்கலை நீக்க, பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு அளவையையும் அதன் பக்கத்து அளவைகளைக் கொண்டு திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தை மிகத் தெளிவான எண்களாக வகுத்துத் தந்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கண்டறிந்தவர் ராமச்சந்திரன். புரதங்களின் மடிப்பைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் வரைபடம் அவர் பெயரால் அறியப்படுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவை மீட்பது அவர் கவனத்தில் இருந்தது. அதற்கு அதுவரை இருந்த வழி, படங்களை ஃபூரியர் முறையில் அலைகளாகப் பிரித்து, சேர்த்து, மீண்டும் படமாக்குவது. கணினிக்கு மிகுந்த நேரம் பிடிக்கும். 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரையில், ஃபூரியர் கணக்கு எதுவும் இல்லாமலே அதே விடையைப் பெறலாம் என்று இருவரும் காட்டினார்கள்.

திருத்தத்தின் உள்ளடக்கத்தைச் சொற்களிலேயே சொல்லிவிடலாம். ஒரு திசையில் வரிசையாக எடுத்த அளவைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இருபக்கத்து அடுத்த அளவைகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.405 பங்கை அதிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டாவது அளவைகளைத் தொட வேண்டாம். மூன்றாவதில் 0.405இன் ஒன்பதில் ஒரு பங்கு; நான்காவதைத் தொட வேண்டாம்; ஐந்தாவதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு; இப்படியே போகும். கழிக்கும் பங்குகள் அனைத்தையும் முடிவின்றிக் கூட்டினால் சரியாக 1 வரும். 9, 25 என்று ஒற்றை எண்களின் வர்க்கங்கள் வருவதும், 0.405 என்ற எண்ணுக்குள் பை ஒளிந்திருப்பதும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட முடிவிலித் தொடரோடு இதைச் சேர்த்துவிடுகின்றன. திருத்திய பின் பரப்பினால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் எதிர்மறையான ஓர் ஒளிவட்டமும் உண்டாகி, மங்கலை அது அழித்துவிடுகிறது. ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு திசையின் அளவைகளையும் உடனுக்குடன் திருத்திப் பரப்பிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. ராம்–லாக் வடிகட்டி என்று இருவரின் பெயர்ச்சுருக்கத்தால் வழங்கும் இந்த முறை, சி.டி. பற்றிய பாடநூல்கள் எல்லாவற்றிலும் உண்டு.

மூன்றாவது கேள்வி இங்கேதான் தலைதூக்குகிறது. பக்கத்து அளவைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் எந்தத் திருத்தமும் அளவைப் பிழையையும் பெரிதாக்கும். கதிரின் துகள்கள் ஒழுங்கின்றி வந்து விழுவதால் ஒவ்வொரு அளவையிலும் சிறு தடுமாற்றம் இருந்தே தீரும். அதைக் குறைக்கக் கதிரின் அளவைக் கூட்டினால் நோயாளிக்குக் கேடு. ஆகவே நடைமுறையில் ராம்–லாக் வடிகட்டியின் கூர்மையைச் சற்று மழுக்கியே பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு மழுக்கினால் இரைச்சல் அடங்கும், எவ்வளவு மழுக்கினால் சிறு கட்டி மறைந்துபோகும் என்பது பயன்பாட்டிலிருந்து பிறந்த கேள்வி. ராடான் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவருடைய உலகில் அளவைப் பிழை கிடையாது.

அவருடைய உலகில் திசைகளும் எண்ணற்றவை. மருத்துவமனையில் திசைகளை எண்ணிவிடலாம். முதல் கேள்வி, விடை ஒன்றுதானா என்பது, இந்த வேறுபாட்டால் மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்காவில் ஸ்மித், சால்மன், வாக்னர் ஆகிய மூவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் விடையைத் தந்தார்கள். எண்ணற்ற திசைகளிலிருந்து படமெடுத்தால் உள்ளே இருப்பது ஐயமின்றி நிர்ணயமாகும். எண்ணிக்கைக்கு உட்பட்ட திசைகள் என்றால், ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும், ஒருபோதும் நிர்ணயமாகாது. நான்கு கட்டங்களில் 1ஐக் கூட்டிக் கழித்து மறைத்தது போன்ற ஒரு மாற்றம், எத்தனை திசைகளிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கக்கூடும். ஆய்வாளர்கள் இதற்குப் ‘பேய்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மருத்துவர் எதை நம்பி நோயைச் சொல்கிறார்? அதற்கும் கணிதமே பதில் தந்தது. திசைகள் கூடக் கூட, கண்ணில் படாமல் ஒளியக்கூடிய மாற்றங்கள் மிக நுண்ணியனவாக, இடத்துக்கு இடம் வேகமாக ஏறி இறங்குவனவாகவே இருக்க முடியும் என்று பின்வந்த ஆய்வுகள் நிறுவின. உடலுறுப்புகள் அப்படி இருப்பதில்லை. கல்லீரலின் பெரும்பகுதி ஒரே சீரானது. மாற்றம் நிகழ்வது ஓரங்களில். ஆகவே போதிய திசைகளிலிருந்து எடுத்த படத்தில் பேய்களுக்குப் பெரிய இடமில்லை. எவ்வளவு நுட்பமான விவரத்துக்கு எத்தனை திசைகள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன.

உடலின் படம் பெரும்பாலும் சீரானது என்ற இந்த எளிய உண்மையை இன்னும் தீவிரமாகப் பயன்படுத்தும் வழி 2004க்குப் பிறகு வந்தது. எம்மானுவேல் காந்தெஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் ஆகிய மூவரும் தலையின் குறுக்குவெட்டைப் போன்ற ஒரு சோதனைப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் அலைக்கூறுகளில் 22 ஆரக்கோடுகளில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள். இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான செய்தி. வழக்கமான முறையில் மீட்டால் படம் கோடுகளால் சிதைந்திருந்தது. அளவைகளோடு பொருந்தும் எண்ணற்ற படங்களில், ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக உள்ள படத்தைத் தேர்ந்தெடு என்று கணினிக்குச் சொன்னபோது, மூலப்படம் அப்படியே, பிழையே இல்லாமல் திரும்பி வந்தது. இது தற்செயலன்று, எந்த நிலைமைகளில் இவ்வாறு நடந்தே தீரும் என்று 2006இல் அவர்கள் நிறுவினார்கள். டேவிட் டோனஹோவும் அதே காலத்தில் இந்தத் திசையில் முக்கியமான முடிவுகளைத் தந்தார். டாவ் பகா எண்களில் ஆழ்ந்த ஆய்வு செய்தவர். அந்த 2006ஆம் ஆண்டிலேயே அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இந்தக் கோட்பாட்டின் பயன் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் சென்றது. குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க முடியாத குழந்தைகளுக்கும், மூச்சை நெடுநேரம் அடக்க இயலாத முதியவர்களுக்கும் ஸ்கேன் நேரம் குறைவது பெரிய உதவி. இம்முறையில் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவிகள் இப்போது மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளன.

இதே கணக்கு மருத்துவத்துக்கு வெளியேயும் நெடுந்தூரம் சென்றிருக்கிறது. நிலநடுக்க அலைகள் பூமியின் ஊடாக வந்துசேரும் நேரங்களிலிருந்து அதன் உட்புறத்தைப் படமாக்குகிறார்கள். அங்கே கோடுகள் வளைந்திருப்பதால் கணிதம் இன்னும் கடினம். மாதிரியை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கும் முறைக்கு 2017ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதில் ஒரே வகை மூலக்கூறின் பல்லாயிரம் படங்கள் கிடைக்கும். எந்தப் படம் எந்தத் திசையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே தெரியாது. திசையையும் வடிவையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்ற பிரிவினை பல்கலைக்கழகத் துறைகளின் வசதிக்கானது. கணக்குகள் அதை மதித்து நடப்பதில்லை. தேவையைக் கருதாமல் எழுதிய கட்டுரை ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கருவிகளின் அடிப்படைக் கோட்பாடானது. அந்தக் கருவிகள் எழுப்பிய கேள்விகள் தூய கணிதத்துக்குப் புதிய தேற்றங்களைத் தந்தன. ஆஸ்திரிய அறிவியல் கழகம் லின்ட்ஸ் நகரில் 2003இல் நிறுவிய கணக்கீட்டு, பயன்பாட்டுக் கணித ஆய்வு நிலையத்துக்கு யோஹான் ராடானின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. நேர்மாறுச் சிக்கல்கள் அதன் ஆய்வுத் துறைகளில் ஒன்று.